பக்கத்து ரூம்லேர்ந்து ஒரு தபால்

"அக்கா, படம் முடிஞ்சுதா இல்லியா? வாயத் தெறந்து சொல்லுங்க. திங்கக்கிழமை அப்பா வர்றாரு."

படத்த ரெஜினா அக்கா முன்னாடி தூக்கிப் பிடிச்சேன்.

அவங்க கண்ண மூடிக்கிட்டாங்க.

ரசிக்கிறாங்கன்னு நெனச்சேன்.

அப்புறம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதி, ஒட்டி, தெருமுனை தபால் பெட்டியில போட்டுட்டு வந்தாங்க.

அன்னைக்கு வியாழன். அந்த லெட்டர் எங்கெங்கயோ போயி முத்திரைக் குத்து வாங்கிட்டு, திங்கக்கிழமை இதே வீட்டுக்கு வரும். எனக்கு.

அவங்க பாடம் நடத்துறதே அப்படித்தான்.

தரங்கம்பாடியில, கடலப் பாத்த வீடு அவங்களோடது. படகோட கிழிஞ்ச பாய்த்துணியில படம் போடுவாங்க. எது மேல, எது கீழன்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவ அவங்களே தலைகீழா மாட்டிட்டு, "இதுவும் நல்லாருக்கே"ன்னாங்க. என்னவிட ஆறு வயசுதான் மூப்பு.

நான் அவங்ககிட்ட படம் கத்துக்க காலேஜ விட்டு ஓடி வந்தவன். காலேஜும் தேடல.

முன்ன ஒரு தடவ "நீலம் சரியா?"ன்னு கேட்டேன். நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "இன்னைக்கு நண்டுக் குழம்பு."

குழம்பு செரிச்சே போயிருந்துச்சு. நீலத்தையும் அதுக்குள்ள நானே மாத்தியிருந்தேன்.

தபால்காரர் கலியபெருமாள் கேட்பாரு: "ஒரே வீட்டுல பேச்சுவார்த்தை இல்லியா தம்பி? நான் வேணா சமாதானம் பேசட்டா?"

இந்தத் தடவ சிரிக்க முடியல. ஒரு படமாவது முழுசா முடிச்சிருந்தா விட்டுர்றேன், இல்லன்னா மாமாவோட டைல்ஸ் கடைன்னு அப்பா சொல்லிட்டாரு.

வெள்ளிக்கிழமை நெனச்சேன், லெட்டர்ல "படகு பொய்"னு எழுதியிருப்பாங்க. காலண்டர்லேர்ந்து எடுத்த படகுதான். அழிச்சேன்.

சனிக்கிழமை சூரியன். அப்பாவுக்குப் பிடிக்கும்னு வச்சது. சொரண்டிட்டேன்.

ஞாயித்துக்கிழமை லெட்டர் ஞாபகமே வரல. ஜன்னல் வழியா வந்த வெளிச்சம் தரையில அலை அலையா நெளிஞ்சுது. சுவரு எது, தண்ணி எதுன்னு தெரியல. பிரஷ் அது பாட்டுக்குப் போச்சு. நான் கரையில உக்காந்து வேடிக்கை பாத்த மாதிரி இருந்துச்சு.

திங்கக்கிழமை சைக்கிள் மணி. பின்னாலயே அப்பா வந்த ஆட்டோ.

லெட்டரப் பிரிச்சேன்.

"பிரிட்டோ, நீ காட்டினப்போ நான் பாக்கல. இப்பப் பாக்குறேன்."

நிமிந்தேன். அக்கா படத்து முன்னாடி நின்னுக்கிட்டிருந்தாங்க. கண்ணு நல்லாத் தெறந்திருந்துச்சு.

அப்பாவும் பக்கத்துல வந்து நின்னாரு. தலையச் சாய்ச்சாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"இதுல மேல எது, கீழ எதும்மா?"

"உங்க விலாசத்த எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பிரிட்டோ பதில் போடுவான்."

அப்பா இன்னொரு தடவ படத்தப் பாத்தாரு.

அப்புறம் சட்டைப் பையில பேனாவத் தேடினாரு.