சித்திரச்சாமியின் நாலாம் பிறவி

குருவிமலை நாடு என்று ஒரு நாடு. அதை மகுடவர்மன் என்கிற ராஜா வெகுகாலத்துக்கு முன் ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் வேறொன்று சொல்வார். சபை இரண்டுக்கும் தலையாட்டும். ஒருநாள் திடீரென்று நாற்பது யானைகளை வாங்கிவிட்டார். கட்டி வைக்க இடமில்லை.

“ஆற்றங்கரைச் சிற்ப மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, மகாராஜா? இடித்துவிட்டு யானைக்கொட்டில் போடலாம்” என்றார் சபைப் பிரதானி அதிவீரகண்டர்.

அவருக்கு யானைமேல் பிரியமெல்லாம் ஒன்றுமில்லை. மண்டபத்தில் சித்திரச்சாமி என்றொரு துறவி இருந்தார். ஊரே அவரைத் தேடிப் போயிற்று. அதிவீரகண்டர் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வயிற்றெரிச்சலுக்கு இது போதாதா?

ராஜா பரிவாரத்தோடு மண்டபத்துக்குப் போனார். சாமி துடைப்பமும் கையுமாக நின்றார்.

“சாமி, இடத்தைக் காலி செய்யும்.”

“முடியாது, ராஜா. எனக்கும் இந்த மண்டபத்துக்கும் மூன்று பிறவிப் பழக்கம். முதல் பிறவியில் இதைச் செதுக்கிய சிற்பிகளுக்கு உளி தீட்டிக் கொடுத்தேன். அடுத்ததில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். மூன்றாவதில் வௌவாலாகப் பிறந்தேன்.”

“வௌவாலா?”

“ஆமாம். தலைகீழாகப் பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தது. இன்னும் பார்த்து முடியவில்லை, அதனால் நாலாவது தடவையும் வந்திருக்கிறேன்.”

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரியம் கெட்டது என்று பயந்த அதிவீரகண்டர் முன்னால் பாய்ந்தார்.

“மகாராஜா! எனக்கும் பூர்வஜென்மம் ஞாபகம் வந்துவிட்டது! இவர் வெறும் கூலியாள். இந்த மண்டபத்தைக் கட்டின சக்கரவர்த்தியே நான்தான்! கட்டினவன் சொல்கிறேன், இடியுங்கள்!”

“அப்படியானால் சரி. கட்டினவர் சொல்லே கடைசிச் சொல்!” என்று ராஜா தீர்த்துவிட்டார். கடப்பாரைகள் எழுந்தன. சாமி ஒரு தூணை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கண்கள் கலங்கின. பார்த்தவர்களுக்கும் மனசு தாங்கவில்லை.

மந்திரி நல்லபெருமாள் மெதுவாகக் கேட்டார். “பிரதானியாரே, கட்டினது நீர்தானே? நிச்சயமாக?”

“கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யட்டுமா?”

“செய்யுங்கள்.”

செய்தார். மந்திரி ஒரு குடம் தண்ணீரை அடிக்கல்மேல் ஊற்றி, திருநீற்றைத் தேய்த்தார். கட்டினவர் அதில் வெட்டிவைத்த எழுத்துகள் வெள்ளையாகத் துலங்கின. உரக்கப் படித்தார்:

“சந்திரனும் சூரியனும் உள்ளவரை இம்மண்டபம் நிற்கட்டும். இதைக் காத்தவன் பாதம் என் தலைமேல் இருக்கட்டும்.”

ராஜா அண்ணாந்து பார்த்தார். “சூரியன் இருக்கிறதே!”

“இருக்கிறது, மகாராஜா. கட்டினவர் சொல்லே கடைசிச் சொல் என்று தாங்களே உத்தரவிட்டீர்கள். கல்லில் இருப்பது அவர் சொல். மண்டபத்தை இதுவரை காத்தவர் சாமி. கட்டினவர் தலையும் இதோ, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.”

அதிவீரகண்டர் ஓரடி பின்வாங்கினார். “எனக்கு... ஞாபகம் கொஞ்சம் மங்கலாக...”

“பொய்ச் சத்தியம் என்றால் நாற்பது யானைக்கும் நீரே சாணி அள்ள வேண்டும்” என்றார் ராஜா.

பிரதானி தலைப்பாகையைக் கழற்றினார். படியில் குப்புற விழுந்து கண்ணை மூடிக்கொண்டார். சாமி இறங்கி வந்தார். பாதம் முழுக்க வௌவால் எச்சம். கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

“ஐயா, தலையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்” என்றார் சாமி.

“ஏன் சாமி?”

“கீழே சிற்பி ஒரு கொடி செதுக்கியிருக்கிறான். மறைக்கிறீர்கள்.”

அதிவீரகண்டர் நகர்ந்து, கண்ணைத் திறந்து பார்த்தார். நகத்தளவு பூக்கள், இலை நுனியில் ஓர் எறும்பு, அதற்கும் ஆறு கால். மந்திரி குனிந்தார். ராஜா மகுடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டார். ஒவ்வொரு பூவாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

எழுந்ததும் ராஜா கடப்பாரைக்காரர்களைப் பார்த்து, “செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், இதையெல்லாம் நீங்களும் பார்க்க வேண்டும்” என்றார்.