இடது பக்கம் ஒரு சுருக்

வெறும் வயிற்றில் சுகருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்த்த ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு, மறுபடி ரத்தம் கொடுப்பதற்காக இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. முழங்கை மடிப்பில் பஞ்சு, கண்ணெல்லாம் கடிகாரத்தில், வேறு ஜோலி கிடையாது. புளுகுவதற்கும் புளுகைக் கேட்பதற்கும் அந்த மாடி லேப்பைவிடத் தோதான இடம் பாளையங்கோட்டையில் இல்லை.

எனக்குக் கொஞ்ச நாளாக இடது நெஞ்சில் ஒரு சுருக். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சதைப் பிடிப்பு மாதிரிதான் இருக்கு, எதுக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருங்க" என்றார். அந்த 'எதுக்கும்'இல் விழுந்தவன்தான் நான். எதுக்கும் என்றால் எதுக்கு? பாதி வாழ்க்கையை வெளிநாட்டில் கழித்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் இரண்டு மொழியிலும் தேடினேன். தமிழில் தேடினால் சுக்கும் பெருங்காயமும் வந்தன. ஆங்கிலத்தில் தேடினால் நாலாவது வரியிலேயே செத்துப்போனேன். நம்பிக்கை வந்தது என்னவோ ஆங்கிலத்தின் மேல்தான்.

அதனால் இரண்டு தடவை இதே லேப்புக்கு வந்து, சுகருக்கு ரத்தம் கொடுத்த கையோடு, ஈ.சி.ஜி. அறைக் கதவைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். படம் எடுக்காதவரைக்கும் நோய் இல்லை என்று ஒரு கணக்கு. மனைவிக்கு இதெல்லாம் தெரியாது.

இது மூன்றாவது தடவை. பக்கத்து நாற்காலியில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி. வாழைமண்டி நடத்தி ஓய்ந்தவர். என் கை நெஞ்சைத் தடவுவதைப் பார்த்துவிட்டார்.

"எடது பக்கமா தம்பி?"

"ஆமா."

"குத்துதா, சுருக்குங்குதா, இழுத்துப் பிடிக்கா?"

"சுருக்குங்குது."

அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம். "சுருக்குத்தானா. அது ஒண்ணாங்கிளாசுப் பாடம்லா. நான் பாத்த வியாதியில ஒண்ணு இங்கன வந்தாலும் இந்தக் கட்டடம் தாங்காது வே."

எதிர் வரிசையில் எஸ்தர் டீச்சர், மடியில் குறுக்கெழுத்துப் போட்டியோடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சுகர் பார்க்க மாதாமாதம் வருகிறவர். தலையை நிமிர்த்தாமல், "ஆரம்பிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார்.

"மொதல்ல ஒரு தலவலி வந்திச்சு, பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி. "சாதாரணத் தலவலின்னா மண்டைக்குள்ள இருக்கும். இது உள்ள கொள்ளாம வெளிய வந்துட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வலிக்கி, எதுத்த வீட்டு மைனிக்கும் வலிக்கி. அவங்க மாத்திர போட்டா எனக்குக் கொறையுது. மூளையில கட்டின்னு நான் முடிவே பண்ணிட்டேன். ஸ்கேன் எடுக்கப் போனா, என்னய உள்ள தள்ளுனதும் மெசினு நின்னு போச்சு."

"கரண்டு போயிருக்கும்" என்றார் டீச்சர்.

"கரண்டெல்லாம் இருந்திச்சு. மெசினுக்குத் தலவலி. அந்தப் பையன் ஈரத்துணியப் பிழிஞ்சு அது மேல போட்டு, தைலம் தேச்சுவிட்ட பெறவுதான் கண்ணு முழிச்சிது."

"படத்துல என்ன வந்திச்சு?" என்று கேட்டேன். வரிசையே சிரிக்கும்போது நான் இதைத்தான் கேட்டேன்.

"இவன் சரியா உறங்கலன்னு வந்திச்சு. அது கெடக்கட்டும். அடுத்தாப்புல படபடப்பு. அம்மன் கோயில்ல கொடைத் திருவிழா நடக்கு. மேளக்காரங்க வெளுத்து வாங்குதாங்க. நான் வீட்டுல படுத்து நாடியப் பிடிச்சு எண்ணிக்கிட்டுக் கெடக்கேன். எண்ண எண்ண ஏறுது. எண்ணுறத நிறுத்துனா கொறையும்லா, அத நான் செய்வனா? என் நெஞ்சு அடிச்ச அடியில கோயில்ல மேளக்காரங்களுக்குத் தாளம் தப்பி, கம்பக் கீழ வச்சிட்டாங்க. ஆனா சாமியாடிக்கு மட்டும் ஆட்டம் நிக்கல. என்னன்னு பாத்தா, அவரு என் நெஞ்சுக்கு ஆடுதாரு."

"கோயில் உங்க வீட்டுலேருந்து நாலு தெரு" என்றார் டீச்சர்.

"அஞ்சு தெருவா இருந்தாலும் ஆடியிருப்பாரு. டாக்டரக் கூட்டியாந்தாங்க. இங்கன நான் மாத்திரைய முழுங்குதேன், அங்கன சாமி மலையேறிட்டு."

மடக்கிய கையை மடக்கியபடியே எல்லோரும் குலுங்கினார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. எண்ண எண்ண ஏறும் என்றாரே, அது புளுகில்லை. படுக்கையில் மனைவிக்குத் தெரியாமல் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"அதுக்குப் பெறவுதான் பெரிய வியாதி. தோள்ல கருப்பா ஒரு புள்ளி. கண்ணாடியில பாக்கேன், நாளைக்கி நாள் பெருசாவுது. இது அதுதான்னு தெரிஞ்சு போச்சு. யார்ட்டயும் காட்டல. காட்டுனா பேரு சொல்லிருவாவள்லா. சரி, போறது போறோம், போஸ்டரையாவது நல்லபடியா அடிச்சிருவோம்னு பிரஸ்ஸுக்குப் போனேன். நாம செத்த பெறவு வீட்டுல உள்ளவன் ஆதார் படத்தப் போட்டு அசிங்கப்படுத்திருவான். நானே நல்ல படமாப் பாத்துக் குடுத்து, கண்ணீர் அஞ்சலின்னு பெருசாப் போட்டு, தேதிய மட்டும் விட்டிரச் சொன்னேன். தேதி இல்லாம மொட்டையா இருக்குன்னு அந்தப் பிரஸ்காரன் அன்னைய தேதியப் போட்டு, ஆள விட்டு ஊரெல்லாம் ஒட்டவும் செஞ்சிட்டான்."

"அண்ணாச்சி, இது கொஞ்சம் ஓவர்" என்றேன்.

டீச்சர் பேனாவை மூடினார். "இது நெசம்."

"நெசமா?"

"மார்க்கெட்டுச் செவுத்துல பாத்துட்டு நான் மாலையோட போறேன். இவரே வந்து கதவத் தொறக்காரு. தொறந்துட்டு, சின்ன மாலையா இருக்கே டீச்சர்ங்காரு."

"நீங்க சின்ன மாலதான் வாங்கிட்டு வந்திய" என்றார் அண்ணாச்சி.

"அப்ப அந்தப் புள்ளி?"

"வாழைக்கறை" என்றார் டீச்சர். "வீட்டம்மா தேங்கா எண்ணெய வச்சுத் தேய்ச்சாவ, போயிட்டு. காலம்பூரா வாழைத்தாரத் தோள்ல சொமந்த மனுசன். சட்டையில பட்டா கறைங்காரு, தோள்ல பட்டா சாவுங்காரு."

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். பஞ்சைத் தொட்டு அமுக்கினார். எழுந்து வாசல் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், நல்ல படமாக ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு பிரஸ் வாசலில் நின்ற மனிதரை நினைத்துப் பார்த்தேன். நானும் அந்த வாசலுக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. என் மண்டைக்குள்ளும் ஓர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். சுருக்கில் ஆரம்பித்தால் சுடுகாட்டில்தான் நிறுத்துவார். அங்கே எதிர் வரிசையில் ஓர் எஸ்தர் டீச்சரை உட்காரவைக்கத்தான் தோன்றவில்லை.

ஆனால் அண்ணாச்சி தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை.

"அந்தப் போஸ்டர டீச்சர் மட்டுமா பாத்தாவ?" என்று மெல்லத் தொடங்கினார். "எமனும் பாத்துட்டான்."

"சரிதான்" என்று டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"மறுநா உச்சி வெயில்ல வந்து நிக்கான். எருமைய மண்டி வாசல்ல கட்டுனான், அது ஒரு தார முழுசாத் தின்னுட்டு. 'நான் வாரதுக்கு முன்னால எப்படி வே போஸ்டர் ஒட்டுனீரு'ன்னு கேட்டான். உக்காரச் சொல்லி, மோரு குடுத்து, தலவலியில ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல மொகம் விழுந்துபோச்சு. நெஞ்சத் தடவுதான். 'அண்ணாச்சி, எனக்கும் கொஞ்ச நாளா எடது பக்கம் சுருக்குங்குது'ங்கான்."

"பாசக்கயித்த எந்தத் தோள்ல போட்டிருந்தான்?" என்றார் டீச்சர்.

"எடது தோள்லதான்."

"பெறவு சுருக்குங்காம?"

"அதத்தான் டீச்சர் நானும் சொன்னேன். கேக்கணும்லா. 'நான் செத்துட்டா என்னயக் கூட்டிட்டுப் போவ யாரு வருவா'ன்னு தேம்புதான். அவனுக்கே தெரியல, எனக்குத் தெரியுமா? நேரா இந்த லேப்புக்குத்தான் கூட்டியாந்தேன். தம்பி, நீரு இருக்கீருல்லா, அதே நாற்காலி. வெறும் வயித்துல வரச் சொன்னா, வழியில பதநி குடிச்சிட்டு வந்து நிக்கான். ஊசியப் பாத்ததும் எருமைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான்."

"எரும மாடிப்படி ஏறுச்சாக்கும்?"

"லிப்டுல வந்திச்சு. ஒருவழியா அவன ஈ.சி.ஜி.க்குப் படுக்கப் போட்டா, பயத்துல மூச்ச அடக்கிட்டான். அவன் மூச்ச விடுத வரைக்கும் ஊருல ஒருத்தருக்கும் மூச்சு வரல."

"ரிப்போர்ட்டு?" என்று நான் கேட்டேன்.

"வாயு."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "அன்னையிலேருந்து எங்க தெருப்பக்கமே அவன் எட்டிப் பாக்கதில்ல. என்ட்ட பேசுனா வியாதி ஒட்டிக்கிடும்னு பயம். எங்க தெருவுல அதுக்குப் பெறவு சாவே கெடையாது, விசாரிச்சுப் பாரும்."

"போன மாசம் ஒரு துட்டி உண்டுல்லா?" என்றார் டீச்சர். "நான் மாலையோட வந்தேனே."

"அது தெருமுக்கு டீச்சர். அடுத்த தெருக் கணக்கு."

அப்போது உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு முப்பிடாதி வந்தாள், லேப்பில் வேலை பார்க்கிற பெண். "திருமலைக்கொழுந்து சார், ஈ.சி.ஜி.க்கு வாங்க."

எழுந்தேன். கால் தன்பாட்டுக்கு வாசல் பக்கம் திரும்பியது. வாசலில் செருப்பு வரிசையில் என் செருப்பைக் காணோம். உள்ளே யாரும் செருப்போடு வரக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிற லேப்பில், ஒரே ஒருவர் காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"அண்ணாச்சி, அது என்னோடது."

"தெரியும். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் இதப் போட்டுக்கிட்டு நீரு ஓடுனதப் பாத்தேன்லா." அந்தக் குரலில் புளுகே இல்லை. உடனே சுதாரித்துக்கொண்டார். "உள்ள போயிட்டு வாரும். எனக்குக் காலு குளுருது."

பாளையங்கோட்டை வெயிலில்.

போய்ப் படுத்தேன். முப்பிடாதி கையிலும் காலிலும் கிளிப்பை மாட்டி, நெஞ்சில் குளிர்ச்சியாக எதையோ தடவினாள். வழக்கமான கதை மண்டைக்குள் ஆரம்பித்தது: கோடு கோணும், இவள் முகம் மாறும், டாக்டரைக் கூப்பிட ஓடுவாள். அதற்கு நடுவில் லிப்டிலிருந்து ஓர் எருமை இறங்கியது.

"சிரிக்காதீங்க சார், கோடு ஆடுது" என்றாள். மறுபடி எடுத்தாள். அதிலும் ஆடியது. மூன்றாவதில்தான் ஒழுங்காக வந்தது.

லேப் டாக்டர் தாளை இப்படியும் அப்படியும் பார்த்தார். "சுத்தமா இருக்கு. சதைப் பிடிப்புதான். தோள்ல பை எதுவும் மாட்டுவீங்களா?"

"ஆமா, லேப்டாப்."

"எந்தத் தோள்ல?"

இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

வெளியே வந்தபோது வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. "என்னவாம்?" என்றார் அண்ணாச்சி, செருப்பைக் கழற்றாமல்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தாள் பத்தல அண்ணாச்சி" என்று வந்தது. "கோடு மெசினத் தாண்டி, மாடிப்படி எறங்கி, மார்க்கெட்டு வரைக்கும் ஓடிட்டு. அங்கன ஒருத்தன் அத எடுத்து வாழைத்தார் கட்டுதான்."

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எஸ்தர் டீச்சர் குறுக்கெழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்பக் கழத்திக் குடுங்க அண்ணாச்சி" என்றார். "உங்க வியாதி தம்பிக்கும் ஒட்டிக்கிட்டு."