ஒரு சொம்பு உறை

"அம்மா, எனக்கு ஒரு கணக்கு உதைக்குது" என்றார் நல்லசிவம்.

"சொல்லுங்க சார்."

"எம் பொண்டாட்டி சிவகாமி ஐம்பத்தெட்டு கிலோ இருந்தா. அதுல பாதிக்கு மேல தண்ணி. பத்து கிலோ கரி. முக்கால் கிலோ சுண்ணாம்புச் சத்து. சின்ன ஆணி ஒண்ணு செய்யுற அளவுக்கு இரும்பு. மூச்சு இருந்தப்பவும் அவ்வளவுதான். மூச்சு நின்னப்புறமும் அவ்வளவுதான். எதுவும் குறையல. அப்ப என்னதான் போச்சு?"

அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"பால் பொங்கப் போகுது. இறக்கி வைங்க."

நல்லசிவம் இறக்கி வைத்தார். அவருக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

அவர் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். வயது ஐம்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்தொன்று. மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா, நல்லசிவம் எல்லோருக்கும் சார்.

சிவகாமி வருடம் தவறாமல் அங்கே குருபூசைக்குப் போய் வந்தவள். "நீங்களும் வாங்களேன்" என்று வருடம் தவறாமல் கூப்பிட்டவள். இவர் போனதில்லை, பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கும். அவள் கண்மூடி ஒரு வருடம் ஆனபிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். திருத்த ஒரு தாளும் இல்லை.

கேள்வி கேட்ட அன்று மாலையே அவருக்கு ஒரு வேலை கொடுத்தார் அம்மா.

"இன்னையிலருந்து பாலுக்கு உறை ஊத்துறது நீங்க."

நல்லசிவத்துக்குச் சுருக்கென்றது. வேதாந்தம் கேட்க வந்தவனைத் தயிர்ச்சட்டியிடம் உட்கார வைத்துவிட்டார்களே.

சமையற்காரர் பேச்சிமுத்துதான் விவரம் சொன்னார்.

"சார், இது லேசுப்பட்ட வேல இல்ல. ஆசிரமத்த ஆரம்பிச்ச பெரியம்மா தன் வீட்டுலருந்து ஒரு கிண்ணத்துல கொண்டாந்த உறை இது. அறுபத்திரண்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் அறுந்ததில்ல. இன்னைக்கு எடுத்து நாளைக்கு ஊத்தணும், நாளைக்கு எடுத்து நாளன்னைக்கு. ஒரு கிண்ணம் எப்பவும் தனியா எடுத்து வச்சிரணும். யாரு வந்து உறை கேட்டாலும் குடுக்கணும், எந்த ஊருன்னுகூட கேக்கக் கூடாது."

"பாலில் எவ்வளவு சூடு இருக்கணும்? டிகிரி சொல்லுங்க."

"சுண்டுவிரல விட்டா சுகமா இருக்கணும். அதான் டிகிரி."

மூன்று மாதம் நல்லசிவம் சுண்டுவிரலை விட்டார். ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் அந்தத் தயிரை ஒரு நாளும் வாயில் வைக்கவில்லை. பந்தியில் ரசம் முடிந்ததும் இலையை மடக்கிவிடுவார். சிவகாமி போனதிலிருந்து அவருக்குத் தயிரும் இல்லை, மறுசோறும் இல்லை. கடைத் தயிரை ஒரு தடவை தொட்டுப் பார்த்து, அன்றோடு விட்டவர்தான்.

குருபூசை நெருங்கியது. முன்னூறு பேர் வருவார்கள். அன்றைய இலையில் கடைசியாக விழுவது அந்தத் தயிர்தான். சாப்பிட்ட கையோடு பாதிப்பேர் சொம்பை நீட்டி உறையும் வாங்கிப் போவார்கள்.

திங்கட்கிழமை மாலை பால் தாமதமாக வந்தது. காலையில் தயிர் உறைந்திருக்குமா என்று நல்லசிவத்துக்குக் கவலை.

படித்த படிப்பு கைகொடுக்க வந்தது. சூடு கூடினால் வினை வேகமாகும். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி. ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கிய பால் தளதளவென்று இருக்கும்போதே உறையை ஊற்றினார். அளவு கூடினாலும் வினை வேகமாகும். ஆகவே, தனியாக எடுத்து வைத்திருந்த கிண்ணத்தையும் சேர்த்துக் கவிழ்த்தார்.

காலையில் மூடியைத் திறந்தார். பால் திரிந்து, தண்ணீர் தனியாகவும் கட்டி தனியாகவும் கிடந்தது.

அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெதுவெதுப்பான பாலில் விட்டு மதியம்வரை காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அறுபத்திரண்டு வருடம் அறுபடாமல் வந்தது, தன் கையில் வந்து செத்துப்போய்விட்டது. ஐம்பத்தொன்பது வயதில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தோட்டத்துக்குப் போய் எலுமிச்சம்பழம் பறித்து வந்து, வேறு பாலில் பிழிந்தார். பால் திரைந்து திரண்டது. தண்ணீரைத் துணியில் வடித்து, கட்டியை மத்தால் மசித்து, சட்டியில் போட்டு மூடி வைத்தார்.

மாலையில் அம்மா மூடியைத் திறந்து பார்த்தார்.

"நல்லா வெள்ளையா, கெட்டியா இருக்கே சார்."

"ஆமாம்மா."

"இன்னைக்குப் பாலுக்கு இதையே உறை ஊத்துங்க."

வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் பால் பாலாகவே இருந்தது. நல்லசிவம் சட்டியோடு அம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, நான் கொன்னுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னார், எலுமிச்சம்பழம் வரை.

"கொதிக்கிற பால்லயா ஊத்துனீங்க?" என்றார் பேச்சிமுத்து. "படிச்சவங்க ஒருத்தராலதான் இது முடியும்."

"பரிகாரம் ஏதாவது உண்டா அம்மா?"

பேச்சிமுத்து முந்திக்கொண்டார். "மிளகாய்க் காம்பு நாலு கிள்ளிப் போட்டா உறைஞ்சிட்டுப் போகுது."

"உறையும்" என்றார் அம்மா. "ஆனா அது பெரியம்மா கொண்டாந்ததோட பிள்ள இல்ல."

பிறகு நல்லசிவத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க ஒங்க ஊருக்குப் போங்க."

நல்லசிவம் சட்டியைக் கீழே வைத்தார். போகச் சொல்லிவிட்டார்.

"ஒங்க வீட்டுக்குப் பக்கத்து வீடு எது?"

"ரஹீமா வீடு."

"அங்க போய் ஒரு சொம்பு உறை வாங்கிட்டு வாங்க."

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்?" என்றார் பேச்சிமுத்து. "நம்ம உறை இந்தச் சுத்துவட்டாரத்துலயே நாப்பது வீட்டுல ஓடுதே. நான் போய் அஞ்சு நிமிசத்துல வாங்கிட்டு வாரேன்."

"இருக்கட்டும். அவரு அங்கதான் போகணும்."

நல்லசிவம் அந்தப் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. சொம்பு ஒரு சாக்கு, இனி இங்கே இடமில்லை என்றே நினைத்தார். பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறினார்.

இரண்டு பேருந்து மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். அவர் வீட்டுக் கதவில் மட்டும் பூட்டு. அவர் அதைத் திறக்காமல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

ரஹீமா எட்டிப் பார்த்தாள்.

"சார், எப்ப வந்தீங்க? என்ன இப்படி எளச்சிட்டீங்க?"

"ஒரு சொம்பு உறை வேணும்மா."

வாழ்நாளில் அவர் யாரிடமும் உறை கேட்டதில்லை. அது சிவகாமியின் இலாகா.

ரஹீமா கொஞ்சம் தயங்கினாள்.

"விளக்கு வச்சாச்சே சார்."

"நீங்களும் அதெல்லாம் பாப்பீங்களா?"

"நான் பாக்க மாட்டேன். சிவகாமியக்காதான் அதெல்லாம் பாப்பாவ. விளக்கு வச்சப்புறம் போய்க் கேட்டா, 'நான் குடுக்க மாட்டேன், நீயா எடுத்துக்கோ'ன்னு சட்டிய என் முன்னால வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவாவ. அவங்க உறைக்கு அவங்க சட்டம்தானே?"

"அவ உறையா?"

"பின்ன? பத்தொம்பது வருசமா எங்க வீட்டுல ஓடுறது அக்கா குடுத்ததுதான். நடுவுல ரெண்டு தடவ நான் கெடுத்துட்டேன். ரெண்டு தடவையும் அக்காதான் மறுபடி குடுத்தாவ. அவங்க போனப்புறம் நான் ஒரு நாள்கூட விடல சார். விட்டுட்டா இனி யார்ட்ட போய்க் கேப்பேன்?"

உள்ளே போய்ச் சட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கரண்டியையும் வைத்தாள். வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்லசிவம் தானே எடுத்து ஊற்றிக்கொண்டார். பாதிச் சொம்பு நிறைவதற்குள் அழுதுவிட்டார். ரஹீமா திரும்பவில்லை. அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று அவர் பூட்டைத் திறந்து தன் வீட்டில் படுத்தார். சொம்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் ஆசிரமத்துக்குத் திரும்பினார். சொம்பை மட்டும் உள்ளே கொண்டுபோனார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டார்.

"வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா இது ஆசிரமத்து உறை இல்லம்மா. எம் பொண்டாட்டியோடது. பெரியம்மாவோட உறைய நான் கொன்னது கொன்னதுதான்."

அம்மா சொம்பை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இருவத்தாறு வருசத்துக்கு முந்தி குருபூசைக்கு ஒரு அக்கா வந்தாவ. தயிரச் சாப்பிட்டுட்டு, ஒரு சொம்ப எடுத்துக்கிட்டு நேரா அடுக்களைக்கு வந்துட்டாவ. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு, உறை ஊத்துறது என் வேல. 'எங்க வீட்டுக்காரர் தயிர் நல்லா இருந்தாத்தான் மறுசோறு கேப்பாரு, கொஞ்சம் குடு'ன்னாவ. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

நல்லசிவம் சொம்பைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் வருசா வருசம் வந்து ஒப்பிப்பாவ. ரஹீமாவுக்குக் குடுத்தேன், தபால்காரர் வீட்டுக்குக் குடுத்தேன், மாடி வீட்டுப் பொண்ணு சென்னைக்குப் போகும்போது டப்பாவுல கொண்டு போச்சுன்னு. நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப இது..."

"பால் காஞ்சு ஆறிக்கிட்டிருக்கு. போய் விரல விட்டுப் பாருங்க."

நல்லசிவம் அடுக்களைக்குப் போனார். சுண்டுவிரலை விட்டார். எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடியும் விட்டார். சுகமாக இருந்தது. உறையை ஊற்றிக் கலக்கினார். ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடினார். பிறகு இன்னொரு கிண்ணமும் எடுத்து மூடினார்.

"போதும் சார், ஊரையே உறைய வச்சிருவீங்க போலிருக்கே" என்றார் பேச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகச் சட்டியைத் திறந்து லேசாகச் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை. ஓரத்தில் கொஞ்சம் தெளிந்த நீர், நடுவே வழுவழுவென்று தயிர். நல்லசிவம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனதுபோல் இருந்தது. வாசலுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

அன்று மாலை அந்தச் சட்டித் தயிர் பத்து அண்டாவுக்குப் போனது. சனிக்கிழமை காலை பத்தும் உறைந்திருந்தன.

குருபூசைப் பந்தியில் முன்னூறு பேர். நல்லசிவத்தையும் அம்மா உட்காரச் சொன்னார். சாம்பார் வந்தது. ரசம் வந்தது. அவர் இலையை மடக்கவில்லை.

பேச்சிமுத்து தயிரை ஊற்றிக்கொண்டே வந்தார். இவர் இலைக்கு முன்னால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு ஊற்றினார்.

நல்லசிவம் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

லேசான புளிப்பு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன இனிப்பு. இருபத்தைந்து வருடம் தினமும் சாப்பிட்ட தயிர். வீட்டில் சாப்பாட்டு மேசையில், எதிரே சிவகாமி கரண்டியோடு காத்திருக்க, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்ட தயிர்.

அவர் ஒவ்வொரு பருக்கையாக வழித்துச் சாப்பிட்டார்.

அம்மா வந்து எதிரே நின்றார்.

"என்ன போச்சுன்னு கேட்டீங்களே சார்?"

நல்லசிவம் நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது, வாயும் நிறைந்திருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"மறுசோறு போடச் சொல்லுங்கம்மா."