கழுத்து வரைக்கும் ராமேஸ்வரம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்லை. இதில் வருகிற ஆட்களின் சொந்தக்காரர்கள் நம்ம பக்கத்திலும் நாலு பேர் இருப்பார்கள்.

கரட்டுப்பட்டியில் ஒச்சப்பன், சோணைமுத்து, விருமன் என்று மூன்று பேர். மூன்று பேரில் ஒச்சப்பன்தான் விவரமானவன். மற்ற இரண்டு பேரையும் பார்த்தவர்கள் இதை உடனே ஒத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் ஒச்சப்பனின் பொண்டாட்டி செவனம்மா, "சித்த அடுப்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். ஒச்சப்பன் பார்த்தான். சோறு பொங்கியது, பார்த்தான். சோறு கரிந்தது, பார்த்தான். கூரையில் நெருப்புப் பிடித்தபோதும் அவன் கண் அடுப்பை விட்டு நகரவில்லை. அவள் திரும்பி வந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தது அடுப்பு மட்டும்தான்.

"நீ சொன்னபடி அடுப்புக்கு ஒண்ணும் ஆகல பாரு" என்றான்.

மாமனார் தவசி வந்தார். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒச்சப்பன் புதுக் கூரை போட்டான், பின்னாலேயே போய் நின்றான். "கூரை போட்டுட்டேன் மாமா, அனுப்பி வைங்க."

"கூரை மாறி என்ன செய்ய? உன் தலையெழுத்து மாறணுமே. ராமேஸ்வரம் போ. கடல்ல முங்கு. கோயில்ல இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடு. எனக்கும் ஒரு கேன் தீர்த்தம் கொண்டா. அப்புறம் பேசுவோம் பொண்ணைப் பத்தி."

ஒச்சப்பன் வாசலைத் தாண்டும்போது செவனம்மா கதவோரம் நின்று சிரித்தாள். "போறதுதான் போறீக. அங்கிட்டுப் போயி என்னையத் தலைமுழுகிட்டு வந்துராதீக."

அந்தச் சொல்தான் அவனைப் பிடித்துக்கொண்டது.

துணைக்கு சோணைமுத்துவும், சோணைமுத்துவின் மச்சினன் விருமனும் கிளம்பினார்கள். சோறு கட்டிக்கொண்டு போக ஓர் அலுமினியக் குண்டான், வழியில் கொறிக்க ஒரு பொட்டலம் வறுகடலை. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்டக்டர் குரல் கொடுத்தார்: "எல்லாரும் கடலைப் பாத்துக்கங்கப்பா, இந்த மாதிரி எங்கயும் கிடைக்காது!"

மூன்று பேரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பாலம் முடிகிறவரை பார்த்தார்கள்.

"எங்கயும் கிடைக்காதுன்னு சொல்ல முடியாது" என்றான் சோணைமுத்து. "ரெண்டு சொத்தை இருக்கு."

காற்றில் பறந்த கடலைத்தோல் ஒன்று ஒச்சப்பனின் எண்ணெய்த் தலையில் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அவன் கவலை வேறு.

"தலையை முழுகினா செவனம்மா போயிருவா. முழுகலேன்னா மாமா அனுப்ப மாட்டாரு. என்னடா செய்ய?"

சோணைமுத்து நெடுநேரம் யோசித்தான். "உனக்குப் பதிலா நான் முழுகுறேனே?"

"அவ உனக்குத் தங்கச்சி முறை. நீ முழுகினா உனக்குத் தங்கச்சி இல்லாமப் போயிரும்."

"அதுவும் சரிதான். பொங்கலுக்கு யாருக்குடா சீலை எடுக்கறது?"

விருமன் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுச் சொன்னான்: "தலைமுழுகாதேன்னுதானே சொன்னாக? உடம்பு முழுகாதேன்னு சொல்லலியே."

விருமனுக்கு இப்படி ஒரு யோசனை வந்தது ஒச்சப்பனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆனால் எடுத்துக்கொண்டான்.

அக்னி தீர்த்தக் கடலில் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றான். அலை வரும்போதெல்லாம் எம்பி எம்பிக் குதித்தான். பக்கத்தில் குளித்த ஓர் அம்மா, "பாவம், நீச்சல் கத்துக்கிறாரு போல" என்று தள்ளி இடம் கொடுத்தார்.

சோணைமுத்துவோ தண்ணீரைக் கண்டதும் வேறொரு முடிவுக்கு வந்திருந்தான். "மூணு வருசமா மச்சினன் என் வீட்டோட கிடக்கான். வந்ததுதான் வந்தோம், அவனைத் தலைமுழுகிட்டுப் போயிருவோம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தான். கண்ணைத் திறந்தான். விருமன் எதிரேயே நின்றான்.

"போகலியா மாப்ளை?"

"இல்ல மச்சான். போகட்டுமா?"

"இரு, இரு. உள்ள இன்னும் இருபத்திரண்டு இருக்கு."

கோயிலில் ஒவ்வொரு கிணற்றிலும் மேலே ஓர் ஆள் நின்று, வாளியால் இறைத்து, வருகிறவர்கள் தலையில் ஊற்றுவார். ஒச்சப்பன் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் நின்றான். முதல் வாளி 'டங்'கென்று விழுந்தது.

"யோவ், என்னய்யா தலையில?"

"குண்டான்ணே."

"அது தெரியுது. எதுக்கு?"

"எனக்குப் பாவமெல்லாம் கழுத்துக்குக் கீழதான். நீங்க ஊத்துங்க."

அவர் எத்தனையோ ஊர் ஆட்களைப் பார்த்தவர். ஊற்றினார். டங், டங், டங் என்று இருபத்திரண்டு தீர்த்தமும் முடிந்தது. கூட வந்த வடக்கத்திக்காரர்கள் இது ஏதோ விசேஷப் பூசை என்று நினைத்து, ஒச்சப்பன் போன பக்கமெல்லாம் கும்பிட்டார்கள்.

கடைசித் தீர்த்தத்தில் நனைந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சோணைமுத்து திரும்பிப் பார்த்தான். விருமனைக் காணவில்லை.

"பலிச்சிருச்சுடா!" என்று குதித்தான். இரண்டு குதிதான். அப்புறம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "என் தம்பி எங்கேன்னு வீட்டுல கேட்பாளே! நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"பதறாதே" என்றான் ஒச்சப்பன். "ஈரத்துல போனவன் காஞ்சா வந்துருவான். தலையைத் துவட்டு."

சோணைமுத்துவைக் கடற்கரை வெயிலில் உட்கார வைத்து ஒச்சப்பன் துவட்டு துவட்டென்று துவட்டினான். தலைமுடி காய்ந்து குச்சி குச்சியாக நின்றபோது, அந்தப் பக்கமிருந்து ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு விருமன் வந்தான்.

"எங்கடா போன?"

"பசிச்சுச்சு மச்சான்."

ஈரமாக இருக்கிறவரைக்கும் போனவன் போனவன்தான், காய்ந்தால் திரும்பிவிடுவான். ராமேஸ்வரத்தில் கண்ட இந்த உண்மையை ஒச்சப்பன் மனசுக்குள் பத்திரமாக முடிந்துகொண்டான்.

மாற்றுத்துணி கட்டி, சாமி கும்பிட்டு, கேனில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் நேரே தவசி வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். வாசல் நிலைக்கு உள்பக்கம் செவனம்மாவின் பை இருந்தது. அதை அவள் முந்தாநாளே கட்டி வைத்துவிட்டாள்.

தவசி மருமகனைச் சுற்றி வந்தார். அவன் தலையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தார். கடலைத்தோல்.

"இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடின தலையா இது? எண்ணெய்கூடப் போகலியே?"

"கழுத்து வரைக்கும் ஆடினேன் மாமா."

"அப்ப பொண்ணைக் கழுத்து வரைக்கும் அனுப்பவா? போய்யா! அவ என் மக. என் வீட்டுலயே இருப்பா."

ஒச்சப்பனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தப்பு இத்தனை நாளும் எங்கே நடந்திருக்கிறது! புருசன் தலைமுழுகினால் பொண்டாட்டி போய்விடுவாள். அப்படியென்றால், அப்பன் தலைமுழுகினால்?

கேனைத் திறந்தான். மாமனார் தலையில் மொத்தத்தையும் கவிழ்த்தான்.

தவசி மூச்சுத் திணறி நின்றார். செவனம்மா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிவிட்டாள். ஒச்சப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸை நோக்கி ஓடினான். பின்னால் தவசி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் துண்டை எடுக்கப் போனார்.

ஒச்சப்பன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். பொண்டாட்டிக்கு ஜன்னலோரம் கொடுத்தான். அப்புறம், அவள் மடிக்குக் குறுக்கே தலையை வெளியே நீட்டி, மாமனார் வாசல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குண்டானோடு நின்ற சோணைமுத்துவையும் விருமனையும் பார்த்துக் கத்தினான்:

"டேய்! நாங்க ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருங்கடா! மாமா தலையைக் காய விட்டுராதீங்க!"