ஒரு சாண் கூடுதல்

"டீச்சர், இந்தச் சிற்பிக்கு அளவே தெரியல."

தில்லைநாயகம் மடிக்கணினியைத் திறந்து மேசைமேல் வைத்தார். சைக்கிளை வேகமாக மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது.

நாற்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் ரெஜினாவிடம் கிரேக்கச் சிற்பம் படிக்க வருகிறார். அவளுக்கு வயது முப்பத்தொன்று. கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிறாள்.

திரையில் ஒரு தேவி உட்கார்ந்திருந்தாள். மூக்கு உடைந்திருந்தது. ஒரு காலத்தில் கோயில் முகப்பின் உச்சியில், கூரைச் சரிவுக்கு அடியில் இருந்தவள். இப்போது ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

"இங்க பாருங்க."

சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்துத் திரைமேல் வைத்தார்.

"இடுப்புலருந்து தோள் வரைக்கும் நீளம் கூடுதல். நிஜ ஆளுக்குக் கணக்குப் போட்டா ஒரு சாண் வரும். இவ எந்திரிச்சு நின்னா விகாரமா இருப்பா."

"எத்தனை படம் பார்த்தீங்க, அண்ணாச்சி?"

"முப்பத்தேழு. நெட்டுல இவ படம் உள்ளது அத்தனையும். எல்லாத்துலயும் அதே கணக்கு."

"கட்டுரையில எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு. 'சிற்பியின் பிழை'ன்னு தலைப்பு. அஞ்சு மணிக்கு நம்ம ஊர் மன்றத்து ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது. வாழ்க்கையில முதல் கட்டுரை டீச்சர். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அனுப்பிருதேன்."

மணி நாலரை.

"படம் எடுத்தவங்க எங்க நின்னாங்க?"

"நேரே முன்னாடி. முகத்துக்கு முகம்."

"கும்பிட வந்தவங்க?"

அவர் திரையைத் திரும்பவும் பார்த்தார்.

ரெஜினா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

"வாசல்ல போய் நில்லுங்க. சுவரை ஒட்டி."

"கட்டுரை?"

"நில்லுங்க."

அவர் போய் நின்றார். மாடிப்படிகளில் அவள் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மரியபுஷ்பம்தான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி ரெஜினா! கைப்பிடிச் சுவர்மேல என்னட்டி பண்ணுத?"

"தேவியா இருக்கேன், அத்தை!"

"தேவியாம்ல! கீழ விழுந்து தொலையாத, இறங்குட்டி!"

தில்லைநாயகம் அண்ணாந்து பார்த்தார். மொட்டைமாடிச் சுவரில் ரெஜினா தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக இருந்தது. கால்கள் வெளியே தொங்கின.

"என்ன தெரியுது, அண்ணாச்சி?"

"பாதம் தெரியுது. முட்டு தெரியுது. அப்புறம்..."

நிறுத்தினார். ஓரடி பின்னால் போனார். திரும்ப முன்னால் வந்தார்.

"வயித்தைக் காணோம் டீச்சர்!"

"நல்லாப் பாருங்க."

"காணோம்! முட்டுக்கு மேல உடனே நெஞ்சு வந்துருது. ரொம்பக் குள்ளமா இருக்கீங்க!"

"யாரைக் குள்ளம்ங்கீங்க?"

அவர் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடினார். வலது கையை வானத்தை நோக்கி நீட்டி, பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்தார். அவள் முட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே அந்தச் சாணைப் பிடித்துப் பார்த்தார்.



"சிற்பி தெரிஞ்சேதான் கூட்டியிருக்கான்!" என்று கத்தினார். "கீழ நின்னு பாக்கிறவங்களுக்காகக் கூட்டி வச்சிருக்கான் டீச்சர்!"

மரியபுஷ்பம் அடுத்த வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள்.

அவருடைய கைப்பேசி அடித்தது. அச்சகத்திலிருந்து.

"அண்ணாச்சி, அஞ்சாகப் போகுது. கட்டுரை இன்னும் வரலயே?"

"அது வராது" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார்.

"நான் இறங்கட்டுமா?" என்று மேலிருந்து ரெஜினா கேட்டாள்.

"ஐயோ, வேண்டாம்! கோயில் இதைவிட உயரம்லா? அந்தத் தண்ணித் தொட்டி மேல ஏற முடியுமா, டீச்சர்?"