வெற்றுச்சீட்டும் கருந்தேளும்

நெடுநாள் முன்னே, மனிதர்களைச் சீட்டாக்கி ஆடிய காலத்திலே, குமிழித் தேசத்துச் சபையில் ஒருநாள் கூடியிருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன், கேளுங்கள். ராஜா, ராணி, மந்திரி, காவலர் இருவர், மந்திரவாதி காலகண்டன், பூவாத்தாள் என்ற பெண். ஏழு பேர். காலகண்டன் மடியில் சீட்டாகிக் கிடந்த ஆறு பேரையும் சேர்த்தால் பதின்மூன்று. அந்த ஆறில் ஒருத்தி பூவாத்தாளின் அக்காள்; அவளை மீட்கத்தான் பூவாத்தாள் ஆட வந்திருந்தாள்.

"உன் கைச்சீட்டு தீர்வதற்குள் இந்த ஆறு பேரையும் பறித்துவிட்டால் நீ ஜெயித்தாய். இல்லையென்றால் நீ ஏழாவது சீட்டு," என்றான் காலகண்டன்.

"நீங்கள் தோற்றால்?"

"நானும் சீட்டாகிறேன், போ!"

அவள் கையில் இருந்ததோ ஒரே சீட்டு. அவனே கேலியாகக் கொடுத்த வெற்றுச்சீட்டு. எதிரே எதைப் பார்க்கிறதோ அதுவாகவே மாறும்.

நடுவே மாயப்பலகை. வைத்த சீட்டு அதன்மேல் உயிரோடு எழும். வழக்கு வந்தால் பலகையே வாய் திறந்து நியாயம் சொல்லும்.

காலகண்டன் ஒரு சீட்டு வைத்தான், புலி எழுந்தது. இன்னொன்று வைத்தான், கருந்தேள் எழுந்தது. மற்ற மந்திரவாதிகளிடம் ஆள் பறிக்க அவன் வளர்த்த தேள் அது. அதன் முதுகில் எழுதியிருந்தது: 'இது சாகும்போது, எதிராளி பிடித்து வைத்திருக்கும் மனிதர் எல்லாரும் இதை ஆடியவரிடம் சேர்வர்.'

பூவாத்தாள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"ஒரு சந்தேகம், ஐயா. என் சீட்டு தேளானால் முதுகின் எழுத்தும் வருமா?"

"வரும். கொடுக்கும் வரும், எழுத்தும் வரும்."

"இன்னொரு சந்தேகம், ஐயா. அது செத்தால்?"

"செத்தால் மறுபடியும் வெறும் சீட்டு! குப்பைக் குவியலில் கிடக்கும்."

மூன்றாவது சந்தேகம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் அவன் விழித்துக்கொள்வான். கேட்காவிட்டால் அவளுக்கே விடை தெரியாது. பிறந்ததிலிருந்து ஒரு கேள்வியையும் விழுங்கி அறியாதவள், அன்று விழுங்கினாள். வெற்றுச்சீட்டை வைத்தாள். அது தேளைப் பார்த்தது, தேளானது.

"புலியை விட்டுவிட்டுப் பூச்சியைப் பார்த்திருக்கிறாளே!" என்று மந்திரி தலையில் அடித்துக்கொண்டார்.

"மிதி!" என்றான் காலகண்டன். புலி மிதித்தது. அவள் தேள் செத்தது. குவியலில் விழுந்தது ஒரு வெற்றுச்சீட்டு.

"பார்த்தாயா? ஒரு எழுத்தாவது இருக்கிறதா? வா, மடிக்குள் வா!"

பூவாத்தாள் பலகையின் பக்கம் திரும்பினாள். "ஒரு சந்தேகம், பலகையே. கிடப்பது வெற்றுச்சீட்டுதான். ஆனால் செத்தது எது?"

பலகை கிறீச்சிட்டது. "உயிர் போன நொடியில் எதுவாக இருந்ததோ, அதுவே செத்தது. செத்தது தேள். தேளின் சொல் நடக்கட்டும்!"

காலகண்டன் மடி அவிழ்ந்தது. ஆறு சீட்டும் பறந்து வந்து பூவாத்தாள் பக்கம் ஆறு மனிதர்களாக இறங்கின.

"ஏண்டி, இவ்வளவு நேரமா?" என்று அவள் காதைத் திருகிக்கொண்டே அழுதாள் அக்காள்.

புலியும் கருந்தேளும் புகையாகிப் போயின. காலகண்டன் சுருங்கிச் சுருங்கி ஒரு சீட்டானான். ராஜா அதைக் கிழிக்க எடுத்தார்.

"ஒரு சந்தேகம், மகாராஜா. இப்போது கிழித்தால் சாவது மந்திரவாதியா, சீட்டா?"

ராஜா பலகையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கீழே வைத்தார். பூவாத்தாளைத் தன் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்து, இனி இந்தச் சபையின் வழக்குகளில் முதல் கேள்வி அவளுடையது என்றார்.

சபையில் மீதம் மனிதர் பன்னிரண்டு, சீட்டு இரண்டு.