ஒத்தக்கண்ணன் எடுத்த கால் படம்

மழை நின்னாலும் மரம் சொட்டிக்கிட்டே இருக்கிற ஒரு காடு இருந்துச்சு. அந்தக் காட்டுல ஓடைக்கரையோரம் ஒரு வெடிப்பலா மரம். மரத்தோட இடுப்புல வார் போட்டு ஒரு கேமராவைக் கட்டியிருந்தாங்க. சூடுள்ள உடம்பு எது முன்னாடி அசைஞ்சாலும் தானா ‘டிக்’னு படம் எடுத்துக்கும். கண்ணு ஒண்ணுதான். அதனால காட்டுல எல்லாரும் அவனை ஒத்தக்கண்ணன்னுதான் கூப்பிட்டாங்க.

அவனுக்கு ஓடியாடுற வேலை இல்ல. நிக்கணும், அவ்வளவுதான். ஆனா நின்னு பாத்தவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. முதுகுல மரம், நெத்தியில பாசி, வாருக்குள்ள எறும்பு குடித்தனம். எப்பவும் அதே பாதை, அதே புதர், அதே சொட்டு. அவன் அலுத்துப்போய்த்தான் நின்னான்.

அவனுக்குப் பேச்சுத்துணைன்னு இருந்தது ஒரு அட்டை. பக்கத்து இலையில வால் நுனியில நின்னு ஆடிக்கிட்டே இருப்பா. அட்டையக்கான்னு கூப்பிடுவான். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. யாரு பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவா.

“என்னடா ஒத்தக்கண்ணா, இன்னிக்கு எத்தனை கால் புடிச்சே?”

“எண்ணலக்கா. எல்லாம் நம்ம ஆராய்ச்சி கேம்ப் ஆளுங்க காலுதான்.”

“உன்னைக் கட்டிவெச்சது மிருகத்தைப் புடிக்க. நீ புடிக்கிறது முழுக்க முட்டி. எனக்கு கண்ணு பத்துடா தம்பி, உனக்கு இருக்கிறது ஒண்ணு. அதையும் முட்டி உயரத்துல கட்டிவெச்சிருக்காங்க, பாவம்.”

அட்டைக்கு நெசமாவே பத்துக் கண்ணு. அந்த கர்வம் அவளுக்கு உண்டு.

கேமராவை ஏன் அங்க கட்டினாங்கன்னா, ஒரு சருகுமானுக்காக. சருகுமான்னா முயலைவிடக் கொஞ்சம் பெருசு, கொம்பு கிடையாது, உடம்புல வெள்ளைக் கோடும் புள்ளியும். சருகுல படுத்தா சருகாட்டமே இருக்கும். ஓடையோரமா ரோடு போடப்போறதா பேச்சு. அங்க சருகுமான் குடியிருக்குன்னு ஆதாரம் காட்டினா ரோட்டை மேட்டுப் பக்கமா தள்ளிப் போடுவாங்க. காட்டலேன்னா ஓடை போச்சு, சருகுமான் வீடும் போச்சு. ஆராய்ச்சி பண்ண வந்த அமுதவல்லி மேடம் அதுக்காகத்தான் மழையில நனைஞ்சுக்கிட்டுக் கிடந்தாங்க. நல்ல மனசு. தூங்கியே பல நாள் ஆன முகம்.

ஆதாரம் கிடைக்கல. அதனால மேடம் ஆளை அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. தனிஸ்லாஸ்னு ஒரு ஆராய்ச்சிப் பையன், மாசாணம்னு ஒரு காட்டு வாச்சர். ரெண்டு பேரும் வருவாங்க, கேமராவைத் தொறந்து பாப்பாங்க, ஒண்ணும் இல்லேன்னு போவாங்க. மறுநாளும் வருவாங்க.

“கேமரா கோணம் சரியில்லண்ணா,” தனிஸ்லாஸ் ஒரு நாள் சொன்னான். “முன்னாடி இருக்கிற செடியை வெட்டிருவமா?”

“வெட்டிருவமுங்க தம்பி,” மாசாணம் பீடியைக் கடிச்சுக்கிட்டே கத்தியை எடுத்தாரு. சட்டைப் பையில போன் பாடிக்கிட்டே இருந்துச்சு. யானை வந்தா பாட்டு கேட்டு ஒதுங்கிப் போகட்டும்னு வெச்சிருந்தாரு. யானை மட்டுமா ஒதுங்கும்?

செடி போச்சு. அடுத்த வாரம் மேடமே வந்து பாத்தாங்க. “இன்னும் ஒண்ணும் விழலையா? அடிக்கடி செக் பண்ணுங்கப்பா. பெருமழை புடிச்சா அப்புறம் வரமுடியாது. எனக்கு வேற வழி இல்ல.”

அவங்க போனதும் அட்டையக்கா குரலை இழுத்து, “அடிக்கடி செக் பண்ணுங்கப்பா...ன்னு சொல்றாங்கடா. வீட்டுக்கு விருந்தாளி வரலியேன்னு வாசல்ல பட்டாசு கொளுத்துற கதையால்ல இருக்கு,” அப்படின்னு சிரிச்சா.

ஒத்தக்கண்ணன் சிரிக்கல. சிரிக்கவும் ஒரு தெம்பு வேணுமில்ல.

ஒரு நாள் விடியக்காலை, பின்னாடி சருகு லேசா முனகுச்சு.

“யாரு?” ஒத்தக்கண்ணன் கேட்டான். திரும்பிப் பாக்க முடியாது. வாரு விடாது.

“நான்தாண்ணே. சருகுமான்.”

அவனுக்கு உசிரே வந்த மாதிரி ஆயிருச்சு. “தங்கச்சி! முன்னாடி வா தாயி. ஒரே எட்டு. ஒரே ஒரு படம். உன் வீட்டைக் காப்பாத்திரலாம்.”

“மாட்டேண்ணே.”

“ஏன்?”

“அந்தப் பாதையில கால் வெச்சா பீடி நாத்தம், சோப்பு நாத்தம், வெட்டின செடி வாசம். எனக்குப் பயமா இருக்கு.”

“சிறுத்தை நடக்கிற பாதையில போறியே, அது மட்டும் பயமில்லையா?”

“சிறுத்தை வரும், போயிரும். போனா ஒரு வாரம் நிம்மதி. இவங்க போறது திரும்பி வர்றதுக்குத்தான். எப்போ மூச்சு விடுறதுன்னே தெரியல.” அதோட குரல் ரொம்ப சோர்ந்துபோயிருந்துச்சு. “குட்டியை வயித்துல வெச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் எழுந்து எழுந்து ஓடுறது? மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறேன். ஓடை இல்லாத எடந்தான். பரவாயில்ல. படுக்க விட்டாப் போதும்.”

“அவங்க நல்லவங்கம்மா. உனக்காகத்தான் வர்றாங்க.”

“தெரியும்ணே. அதான் கோபப்படவும் முடியல.”

அப்போ அட்டையக்கா இலையிலிருந்து எட்டிப் பாத்தா.

“ஏண்டி, போறதுதான் போறே. என் வயித்துக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ. இத்தனை நாள் உன் ரத்தத்துலதான் பொழைச்சேன்.”

“இந்த நேரத்துலயுமாக்கா?” ஒத்தக்கண்ணன் சலிச்சுக்கிட்டான்.

“டேய், பத்துக் கண்ணு சும்மா இல்லடா. இந்தப் பசங்க அன்னிக்குப் பேசினதைக் கேட்டேன். கேமராவுல விழலேன்னா அட்டையைப் புடிக்கப்போறாங்களாம். அட்டை வயித்துல எந்த மிருகத்து ரத்தம் இருக்குன்னு பாத்தா, அந்த மிருகம் இங்க இருக்குன்னு அர்த்தமாம். உன்னாலதான் முடியல. நான் சொல்றேன் சாட்சி.”

சருகுமான் காலை நீட்டுச்சு. அட்டையக்கா கொஞ்சமா குடிச்சா. அவ குணத்துக்கு அது பெரிய விஷயம். குடிச்சு முடிச்சதும் சருகுமான் சொல்லுச்சு, “வயித்துல பத்திரமா வெச்சுக்கக்கா. நான் இங்க இருந்தேன்னு யாராவது ஒருத்தராவது சொல்லணும்.”

அது மேட்டைத் தாண்டிப் போற சத்தம்கூடக் கேக்கல.

அன்னிலேருந்து அட்டையக்கா விரதம். காட்டுமாடு ஒண்ணு வழி தவறி மரத்தை உரசிக்கிட்டுப் போச்சு. அவ கண்ணை மூடிக்கிட்டா. பத்தையும். முள்ளம்பன்னி போச்சு. அதையும் விட்டுட்டா. மேல வேற ரத்தம் சேந்தா சாட்சி கலங்கிரும்னு பயம். நாளாக நாளாக அவ மெலிஞ்சு நூலாட்டம் ஆயிட்டா. பேசிக் காட்டுறதும் நின்னுபோச்சு.

“அக்கா, ஏதாவது பேசேன்.”

“பேசினா பசிக்குதுடா.”

ஒரு வழியா ஒரு மத்தியானம் தனிஸ்லாசும் மாசாணமும் வந்தாங்க. தனிஸ்லாஸ் அட்டை ஏறாம இருக்க முட்டி வரைக்கும் போட்டிருந்த சாக்ஸைக் கழட்டி, காலை நீட்டி உக்காந்தான்.

“மேடம் அட்டை புடிச்சிட்டு வரச் சொல்லிட்டாங்கண்ணா. நம்ம காலைக் காட்டினா அதுவா வந்து ஏறும். கடிக்கிறதுக்குள்ள எடுத்து பாட்டில்ல போட்டுரணும்.”

“நம்ம காலுமா இதுக்கு?” மாசாணம் சிரிச்சாரு. “வேலைக்குச் சேரும்போது சொல்லலீங்களே.”

ஒத்தக்கண்ணன், “அக்கா! வந்துட்டாங்க!” அப்படின்னான்.

அட்டையக்கா இலையை விட்டு இறங்கினா. வளைஞ்சு நிமிந்து, வளைஞ்சு நிமிந்து, இருக்கிற உசிரையெல்லாம் சேத்து இழுத்துக்கிட்டு தனிஸ்லாஸ் கணுக்காலுல ஏறி உக்காந்தா. ‘எடுத்துக்கோ ராசா’ன்னு நிமிந்து நின்னா.

“ஏறிருச்சுண்ணா! பாட்டிலைக் குடுங்க.”

“பாட்டில் உங்க பையிலதானுங்க இருக்கு?”

“உங்ககிட்டத்தானே குடுத்தேன்?”

“என்கிட்ட புளிசோத்து டப்பாதான் குடுத்தீங்க.”

பாட்டில் கீழே ஜீப்புல.

“போயி எடுத்துட்டு வந்துர்றனுங்க,” மாசாணம் டப்பாவைக் குடுத்துட்டு எழுந்தாரு. போற போக்குல போன்ல பாட்டையும் போட்டுக்கிட்டாரு.

“சீக்கிரம் வாங்கண்ணா. இது கடிச்சிரப் போகுது.” சொல்லிட்டு தனிஸ்லாஸ் டப்பாவைத் தொறந்தான். சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல சாப்பிட்டுறலாம்னுதான். புளிசோத்து வாசம் ஓடை வரைக்கும் போச்சு. அவனுக்கும் அலுப்பு. மாசக்கணக்கா ஒரு சருகுமானுக்காக மழையில நடந்து, வீட்டுல அம்மா போன் பண்ணினாலும் சிக்னல் இல்லாம, சோறு வாயில இருக்கும்போதே கண்ணு சொருகுச்சு.

கணுக்கால் சூடா இருந்துச்சு. தோலுக்கு அடியில ரத்தம் டக்கு டக்குன்னு ஓடுறது அட்டையக்காவுக்குக் கேட்டுச்சு.

“அக்கா, வேணாம்,” ஒத்தக்கண்ணன் கெஞ்சினான். “இன்னும் கொஞ்ச நேரம். வந்துருவாரு.”

“வந்துருவாருடா. எனக்குத் தெரியும்.” அவ வாயைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. “பாட்டுச் சத்தம் கேக்குதா பாரு.”

“தூரத்துல... இல்ல, அது ஓடை.”

“நான் எத்தனை நாள்டா புடிச்சு வெச்சேன்? சொல்லு. நீயே சொல்லு.”

“தெரியும்க்கா.”

“என் வாய்க்கு நேரா காலை நீட்டி வெச்சிட்டு இவன் சோறு தின்னுட்டுத் தூங்குறான். நான் என்ன சாமியாரா?”

“அக்கா...”

அட்டையக்கா கடிச்சுட்டா.

முதல் வாய் குடிக்கும்போது அழுதா. அப்புறம் அழுகையை மறந்துட்டா. பசி அப்படி. மாசாணம் பாட்டிலோட வந்து சேரும்போது நாவப்பழமாட்டம் உருண்டு நின்னா.

“அட, இது நல்லா வெளைஞ்ச அட்டைங்க,” அவரு தொட்டுப் பாத்தாரு.

“செம அட்டைண்ணா. வயிறு நெறைய ரத்தம் இருக்கு. கண்டிப்பா ஏதாவது வரும்.” தனிஸ்லாஸ் சந்தோஷமா அவளை எடுத்து மருந்துத் தண்ணியில விட்டான். கணுக்காலுல ரத்தம் ஒழுகினதைப் புகையிலை வெச்சு அமுக்கிக்கிட்டான். ரெண்டையும் சேத்து யோசிக்க அவனுக்கு அன்னிக்குத் தெம்பு இல்ல.

பாட்டில் மூடி இறுகுறதுக்கு முன்னாடி அவ சொன்னது ஒத்தக்கண்ணனுக்கு மட்டும்தான் கேட்டுச்சு. “அடியில அவளும் இருக்காடா...”

பெருமழை புடிச்சுக்கிச்சு. ஒத்தக்கண்ணனை அவுத்து, கேம்ப் ரூமுக்குக் கொண்டுபோய், மேடம் மேசை மேல வெச்சாங்க. முதல் தடவையா அவன் முதுகுல மரம் இல்ல. ஆனா நிம்மதியும் இல்ல.

ரோடு மீட்டிங்குக்கு ஒரு நாள்தான் இருந்துச்சு. மேடம் டீயைக் குடிக்காம ஆறவெச்சிட்டு, லேப்புக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்க.

“அட்டை ரிசல்ட் வந்துச்சாப்பா?”

“வந்துச்சு மேடம். ஒண்ணே ஒண்ணுதான் தெளிவா தெரியுது.”

மேடம் நிமிந்து உக்காந்தாங்க. “என்ன மிருகம்?”

“மனுஷன், மேடம்.”



“அது நம்ம பசங்க ரத்தமா இருக்கும்,” மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க. “அது கணக்குல வராது. அதைக் கழிச்சிரு. மிச்சம்?”

“அடியில பழைய ரத்தம் ஏதோ லேசா இருக்கு மேடம். எதுன்னு சொல்ல முடியல. மனுஷனைக் கழிச்சா மிச்சம் ஒண்ணும் இல்ல.”

மேடம் போனை வெச்சாங்க. அப்புறம், ஒரு கடைசி நம்பிக்கையில, ஒத்தக்கண்ணனோட மெமரி கார்டை எடுத்து அவங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்க. தனிஸ்லாஸ் கதவோரமா நின்னான்.

முதல் படம் மாசாணத்தோட முட்டி. மேடம் அழிச்சாங்க.

அடுத்தது தனிஸ்லாஸ் பூட்ஸ். அழிச்சாங்க.

அடுத்தது கத்தியும் கையும், வெட்டின செடியும். அழிச்சாங்க.

அடுத்தது மேடம் சுடிதாரோட ஓரம், சேறு அப்பியிருந்துச்சு. அழிச்சாங்க.

‘அழிக்காதீங்கம்மா, அதான் பதிலு’ன்னு ஒத்தக்கண்ணன் கத்தினான். அவனுக்கு இருக்கிற குரல் ஒரு செவப்பு லைட்டு. அதைப் பளிச் பளிச்சுனு அடிச்சான்.

“இதுக்கு பேட்டரி தீந்துபோச்சு போல,” மேடம் சொன்னாங்க.

தனிஸ்லாஸ் பேட்டரியைக் கழட்டினான். லைட்டு மங்கி அணைஞ்சுது.

“ஏன்டா தனிஸ்லாஸ்,” மேடம் கண்ணைக் கசக்கிக்கிட்டாங்க. “போன வருஷம் வரைக்கும் அது அந்த ஓடையிலதானே இருந்துச்சு. என்னாச்சு அதுக்கு? எது வந்து விரட்டிருக்கும்?”

கேட்டுக்கிட்டே அடுத்த கால் படத்தையும் அழிச்சாங்க.